இடது கை வயலின் மேதை

"இந்த நாலு பேர்ல ஒருத்தருக்குக்கூட வாசிக்கத் தெரியாது" என்றார் மேடம்.

சொல்லிவிட்டு பூதக்கண்ணாடியைத் துடைத்து மேசைமேல் வைத்தார். எதிர் நாற்காலியில் இருந்த பேக்கரிக்கார அம்மாளின் முகம் தொங்கிப் போயிற்று. எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. எங்கள் மேடத்துக்குத் துப்புத் துலக்க வரும், ஆள் முகத்தைப் பார்த்து நேற்று எங்கே போனான் என்று சொல்ல வரும். இசை மட்டும் சுத்தமாக வராது. ஒருநாள் சன்னல் பக்கம் காதை வைத்து, "யாரோ நல்லா பாடறாங்கப்பா" என்று ரசித்தார். மாடி வீட்டுத் தண்ணீர் மோட்டார் அது.

"தட்டைப் போட்டுக் கேக்காமலே தீர்ப்பா மேடம்?" என்றேன்.

"கேட்டா எனக்கு என்ன புரியப் போகுது? கண்ணு இருக்கில்ல, போதும்."

மேசைமேல் கிடந்தது ஒரு பழைய இசைத்தட்டின் அட்டை. நாற்பது வருடத்துக்கு முந்தையது. முன்பக்கம் இரும்புப் படிக்கட்டில் நான்கு இளைஞர்கள். கையில் கிளாரினெட், வயலின், அக்கார்டியன், டிரம் குச்சிகள். பின்பக்கம் அவர்களின் நான்கு பெயர்கள். அட்டையின் ஓரங்கள் நூல் நூலாகத் தேய்ந்து, அடி விளிம்பில் இருந்த பொடி எழுத்துகள் அழிந்து போயிருந்தன.

"எங்கப்பா அந்தப் படத்துல இல்லைங்க" என்றார் பேக்கரிக்கார அம்மாள். "பின்னாடி அவர் பேரும் இல்லை. ஆனா அதுல கிளாரினெட் வாசிச்சது தான்தான்னு சொல்வார். நான் பொறந்ததுலேர்ந்து இதைச் சொல்வார். எங்கம்மா உடனே அட்டையைத் தூக்கிக் காட்டி, 'எங்க, உங்க மூஞ்சியைக் காட்டுங்க பார்ப்போம்'ம்பாங்க. எங்க வீட்டுல அவருக்குப் பேரே புளுகுமூட்டைதான்."

அந்தத் தட்டை இப்போது ஒரு கம்பெனி மறுபடியும் வெளியிடுகிறது. 'நான்கு மேதைகளின் மறக்கப்பட்ட பொக்கிஷம்' என்று செய்தித்தாளில் பெரிய விளம்பரம், அதே நான்கு பெயர்களோடு. அப்பா தபாலாபீசில் முப்பத்தைந்து வருடம் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவர். விளம்பரத்தைப் பார்த்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள்ளறைக்குப் போய்ப் படுத்தார். மூன்று நாளாகச் சாப்பாடும் இல்லை, பேச்சும் இல்லை.

"இன்னிக்கு அஞ்சு மணிக்குப் புது அட்டை அச்சுக்குப் போகுதாம். அப்பா பொய் சொல்லியிருந்தா அதையும் சொல்லிடுங்க, தாங்கிப்பேன். ஆனா நிஜமா இருந்தா அவர் பேர் அதுல வரணும். இந்தத் தடவையும் வரலைன்னா அவர் எழுந்திருக்க மாட்டார்."

மணி பதினொன்று. கீழே சலவைக் கடையிலிருந்து இஸ்திரி ஆவி வழக்கம்போல் மேலே வந்துகொண்டிருந்தது.

"இங்க பாரு" என்று மேடம் அட்டையை என் பக்கம் திருப்பினார். "வயலின்காரர் வில்லை எந்தக் கையில பிடிச்சிருக்கார்?"

"இடது கை. படத்தை இடவலம் மாத்தி அச்சடிச்சிருப்பாங்க மேடம், கண்ணாடியில பார்க்கற மாதிரி."

"அப்ப சட்டைப் பாக்கெட்டும் இடம் மாறியிருக்கணும். நாலு பேருக்கும் பாக்கெட் இடது மார்புலதான் இருக்கு. படம் சரி. ஆளுதான் சரியில்லை." பேக்கரிக்கார அம்மாளிடம் திரும்பினார். "கிளாரினெட்டோட நுனியில வெள்ளியா ஒண்ணு இருக்கே, என்னங்க அது?"

அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது கண் அகலமாகியிருந்தது. "அது ஊதாதப்போ போட்டு வைக்கற மூடி! அப்பாவோடதுக்கும் இருக்கு. இவர் மூடியோட வாயில வச்சிருக்கார்!"

"அக்கார்டியனோட துருத்தியை மூடற வார் பூட்டியே இருக்கு. டிரம்காரர் ரெண்டு குச்சியையும் ஒரே கையில பிடிச்சுக்கிட்டு பஸ்ஸுக்கு நிக்கறவர் மாதிரி நிக்கறார்."

"மூணு பேருக்குக் கட்டைவிரல் வேற கறுப்பா இருக்கு" என்றேன், என் பங்குக்கு.

"அதைத்தான் நானும் பார்த்தேன். இந்த அட்டை நல்லா இருக்கறது வேற யார்கிட்டயாவது கிடைக்குமா?"

கிடைக்கும் என்றார் பேக்கரிக்கார அம்மாள். அந்த விளம்பரத்தையே எழுதிக் கொடுத்த ஆள் இருந்தார்.

ஊரில் எல்லோரும் அவரைத் 'தட்டு சார்' என்றார்கள். பதினோராயிரம் இசைத்தட்டுகளுக்கு இரண்டு படுக்கையறைகளையும் விட்டுக் கொடுத்துவிட்டு அவரும் மனைவியும் நடையில் படுக்கிறார்கள். வாசலிலேயே எங்களை நிறுத்தி வாட்ச், மோதிரம், பெல்ட் எல்லாம் கழற்றச் சொன்னார். "கீறல் விழும்" என்றார்.

"பெல்ட் வேண்டாம் சார். கழட்டினா வேற சில விஷயம் விழும்" என்றேன். மேடம் முறைத்தார். கழற்றினேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு கை எப்போதும் இடுப்பிலேயே இருந்தது.

தட்டு சார் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு பிரதியைக் கொண்டு வந்தார். கைக்குழந்தையைக்கூட யாரும் அவ்வளவு பதமாகத் தூக்க மாட்டார்கள்.

"உலகத்துலயே அபூர்வமான இடது கை வயலின் மேதை இவர்" என்று படத்தைத் தொட்டும் தொடாமலும் காட்டினார். "இடது கையில இழுத்தா மட்டும் வர்ற ஒரு சோகம் இருக்கு. அதைப் பத்தி நாற்பத்திரண்டு பக்கம் எழுதியிருக்கேன். பத்தொன்பது வருஷமா என் வெப்சைட்டுல இருக்கு. மூணு பேர் அதை வச்சுப் பட்டம் வாங்கியிருக்காங்க."

"இந்த நாலு பேரும் இப்ப எங்க இருக்காங்க சார்?" என்று கேட்டார் மேடம்.

"அதான் மர்மம். வேற எந்தத் தட்டுலயும் இவங்க பேரே கிடையாது. வயலின் மேதையைக் கடைசியா ஒரு துறைமுகத்துல, மழையில, தனியா பார்த்ததா தகவல்."

"யார் கொடுத்த தகவல்?"

"வெப்சைட்டுல இருக்கு."

"அதுல எழுதினது?"

கொஞ்சம் யோசித்தார். "நான்தான்."

மேடம் பூதக்கண்ணாடியோடு அடி விளிம்பில் குனிந்தார். ஓர் அச்சகத்தின் பெயரும் தெருவும், பக்கத்தில் 'மா.2' என்று குட்டியாக ஒரு குறியும் தெரிந்தன.

"அது இரண்டாம் பதிப்பு" என்றார் தட்டு சார் பெருமூச்சோடு. "முதல் பதிப்புக்காகப் பதினெட்டு வருஷமா அலையறேன். நாலு நாட்டுல விளம்பரம் கொடுத்துட்டேன். ஒரு பிரதி அகப்படலை."

"அந்த அச்சகத்துல கேட்டீங்களா?"

"அச்சகத்துலயா?" சந்தையில் போய்ச் சங்கீதம் கேட்கச் சொன்னதுபோல் மனிதர் நெற்றியைச் சுருக்கினார். "அவங்களுக்கு இசையைப் பத்தி என்ன மேடம் தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்ச அளவு தெரிஞ்சா போதும். வாங்க, போவோம்."

பேக்கரி வண்டியில் கிளம்பினோம். முன்னால் மூன்று பேருக்குத்தான் இடம். நான் பின்னால் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு பன்னைத் தலையால் நசுக்கிக்கொண்டு போனேன்.

அச்சகம் இன்னும் இருந்தது. மருந்துப் பெட்டிகளும் காலண்டர்களும் அடித்துக்கொண்டிருந்தார்கள். மெஷின் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. மேடம் முகத்தில் ஒரு ரசனை தெரிந்தது. பாட்டு என்று நினைத்தாரோ என்னவோ.

நான் அண்ணாந்து பார்த்தேன். இரும்புப் படிக்கட்டு. அட்டையில் இருந்த அதே படிக்கட்டு, மூன்றாவது படியில் அதே நெளிவு.

அந்தப் படியிலேயே ஒரு பெரியவர் உட்கார்ந்து காகிதக் கட்டை விசிறியாக விரித்து எண்ணிக்கொண்டிருந்தார். தலையில் முடி போய்விட்டது. ஆனால் அந்த மூக்கும் விடைத்த காதுகளும் அப்படியே இருந்தன. எண்ணியது இடது கையால்.

தட்டு சார் என் தோளைப் பிடித்தார். பிறகு இரண்டெட்டில் ஓடிப் போய் அந்தப் பெரியவரின் காலைத் தொட்டுவிட்டார். "மேதையே! எத்தனை வருஷமா உங்களைத் தேடறேன்!"

பெரியவர் பதறி எழுந்ததில் காகிதம் எல்லாம் சிதறியது. "ஐயோ, யாருங்க நீங்க? நான் பைண்டருங்க!"

"நீங்க வயலின்..."

"எனக்கு அதை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாதுங்க!"

மேடம் அட்டையை நீட்டினார். பைண்டர் அதைப் பார்த்ததும் வாயில் கை வைத்துக்கொண்டார். முதலில் சிரித்தார். அப்புறம் மெஷின்காரர்கள் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, எங்களைத் தாள் கட்டுகள் அடுக்கிய பின்னறைக்கு அழைத்துப் போனார்.

"இது டம்மிங்க" என்றார்.

"அப்படின்னா?" என்றார் பேக்கரிக்கார அம்மாள்.

"எந்த வேலையா இருந்தாலும் அடிக்கறதுக்கு முன்னால பார்ட்டிக்கு ஒரு மாதிரி காட்டணும். படம் எங்க வரும், பேர் எங்க வரும்னு தெரியணுமில்ல? கம்பெனியிலேர்ந்து படமும் வரலை, பேரும் வரலை. வாசிச்சவங்க வெளியூர்ல இருந்தாங்க. மொத மாதிரியை வெறும் கட்டமா போட்டுக் காட்டினோம், பார்ட்டிக்குப் புரியலை. அதனால பக்கத்து வாடகைக் கடையில வாத்தியம் எடுத்துக்கிட்டு நாங்க நாலு பேர் படியில நின்னு ஒரு படம் பிடிச்சோம். நானு, மெஷின்ல ரெண்டு பேரு, அச்சுக் கோக்கறவரு. பேர் வர்ற இடத்துல எங்க பேரையே கோத்துட்டோம். ரெண்டாவது மாதிரி அது."

"மா.2" என்றார் மேடம். "அந்தக் கறுப்புக் கட்டைவிரல் அச்சு மை."

பக்கத்தில் ஏதோ சரிந்தது. தட்டு சார்தான், தாள் கட்டுமேல் உட்கார்ந்திருந்தார்.

"சரிங்க, டம்மிதானே? அதை எதுக்கு அச்சடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"கம்பெனி முதலாளி வந்தார். அட்டையைக் கையில வாங்கினார். தயாரிப்பாளர்னு தன் பேர் பெரிசா, பிழையில்லாம இருக்கான்னு பார்த்தார். 'பிரமாதம்'னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டார். வேற ஒண்ணையும் அவர் பார்க்கலைங்க. ரெண்டு நாள் கழிச்சு நிஜமான படமும் பேரும் தபால்ல வந்துச்சு."

"அப்பவாவது மாத்தியிருக்கலாமே?"

"கையெழுத்து விழுந்த பிறகா?" கொலை செய்யச் சொன்னதுபோல் என்னைப் பார்த்தார். "கையெழுத்து விழுந்த மாதிரியில ஒரு புள்ளியைத் தொடக் கூடாதுங்க. அச்சகச் சட்டம் அது. 'மா.2'வைக்கூட நாங்க எடுக்கலை, பாருங்க."

கம்பெனி ஆட்கள் கவனிப்பதற்குள் தட்டுகள் கடைக்குப் போய்விட்டன. கொஞ்ச நாளில் அந்தக் கம்பெனியும் மூடிவிட்டது.

"வாசிச்சவங்க யாரும் சண்டைக்கு வரலையா?" என்றார் மேடம்.

பைண்டர் தலையைச் சொறிந்தார். "ஒருத்தர் வந்தார். மெலிஞ்ச ஆளு. கிளாரினெட் வாசிச்சது நான்தான்னு சொன்னார். தப்பை ஒத்துக்கிட்டா பேர் கெட்டுடும்னு எங்க அச்சக முதலாளி அவரைப் பேசவே விடலை. பாவம், தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனார். எனக்கு ரெண்டு நாள் தூக்கம் இல்லைங்க."

பேக்கரிக்கார அம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பினார். "அந்த நிஜப் படம் இருக்கா ஐயா?"

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு காகித உறை போட்டு, அது சம்பந்தமான எல்லாவற்றையும் அதில் வைப்பார்கள். பைண்டர் பரணிலிருந்து தூசி தட்டி ஓர் உறையை இறக்கினார். உள்ளே கம்பெனி முதலாளி கையெழுத்துப் போட்ட இரண்டாவது மாதிரி இருந்தது. வெறும் கட்டங்களோடு முதல் மாதிரி இருந்தது. அதைப் பார்த்துத் தட்டு சார் மெல்ல முனகினார், அவர் பதினெட்டு வருடம் தேடிய முதல் பதிப்பு அதுதான். படம் மட்டும் இல்லை. அதற்குப் பதில் ஒரு துண்டுச் சீட்டு.

"ஆமாங்க, மறந்தே போச்சு" என்றார் பைண்டர். "அவர் வந்து போன மறுவாரம் ஒரு அம்மா வந்தாங்க. வாயும் வயிறுமா இருந்தாங்க. விஷயத்தைக் கேட்டாங்க. எனக்கு மனசு கேக்கலை, நடந்ததை எல்லாம் சொல்லிட்டேன். படத்தையும் பேர் லிஸ்டையும் பார்த்துட்டுத் தர்றேன்னு எடுத்துக்கிட்டுப் போனாங்க. நாங்க எது கொடுத்தாலும் கையெழுத்து வாங்கிப்போம்."

சீட்டை வாங்கிப் பார்த்தார் பேக்கரிக்கார அம்மாள். கையெழுத்தின்மேல் விரலை ஓட்டினார்.

"தெரிஞ்ச கையெழுத்தா?" என்று மேடம் மெதுவாகக் கேட்டார்.

"பத்து வருஷம் என் ரேங்க் கார்டுல பார்த்த கையெழுத்துங்க" என்றார் அவர். "எங்கம்மா."

அதே வண்டியில் திரும்பினோம். ஆறு வருடமாக மேடத்திடம் வேலை பார்க்கிறேன். நான் வாயைத் திறக்காமல் வந்த முதல் பயணம் அதுதான். அப்பாவைப் பொய்யர் என்று நாற்பது வருடமாகச் சொல்லி வந்த அம்மாவுக்கு, அவர் சொன்னது நிஜம் என்று நாற்பது வருடமாகத் தெரியும். இதற்கு என்ன ஜோக் அடிப்பது?

வீட்டை அடைந்தபோது மணி நாலரை. அம்மா தையல் மெஷினில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தார். மகள் துண்டுச் சீட்டை ஊசிக்கு முன்னால் வைத்தார்.

மெஷின் நின்றது. அம்மா சீட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு மெஷினின் இழுப்பறையை முழுசாக வெளியே இழுத்து, அடியில் ஒட்டி வைத்திருந்த பழுப்பு உறையை எடுத்து மகளிடம் கொடுத்தார். உள்ளே நான்கு பேர் நிற்கும் படம். கிளாரினெட்டோடு நின்ற மெலிந்த இளைஞனுக்குப் பேக்கரிக்கார அம்மாளின் முகம். அந்தக் கிளாரினெட்டில் மூடி இல்லை. கூடவே ஒரு தாளில் நான்கு பெயர்கள், யார் எதை வாசித்தார் என்று.

"ஏம்மா?" என்றார் மகள். "நாற்பது வருஷமா அந்த மனுஷனை ஏம்மா?"

"நீ வயித்துல ஏழு மாசம்" என்றார் அம்மா. "மத்த மூணு பேரும் ஊர் ஊரா வாசிக்கக் கிளம்பிட்டாங்க. இவரையும் கூப்பிட்டு லெட்டர் மேல லெட்டர். இவர் பெரிய வித்வான்னு நானும் ஒத்துக்கிட்டா அடுத்த ரயில்ல ஏறியிருப்பார். நான் உன்னை வச்சுக்கிட்டு என்ன செய்யறது? ஒரு நாலு மாசம் மட்டம் தட்டி வைப்போம், அப்புறம் சொல்லிக்கலாம்னுதான் நினைச்சேன். அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

உள்ளறைக் கதவு திறந்தது. மூன்று நாள் தாடியோடு பெரியவர் நின்றார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ, முகத்தில் ரத்தமே இல்லை.

அம்மா எழுந்து நின்றார். பயந்தவர்போல் இல்லை. "நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. போயிருப்பீங்களா, மாட்டீங்களா?"

பெரியவர் படத்தை மகளிடமிருந்து வாங்கி நெடுநேரம் பார்த்தார். "போயிருப்பேன்" என்றார்.

எனக்கு அந்த வீட்டை விட்டு வெளியே ஓடிவிடலாம் போல் இருந்தது. மேடம் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"தட்டை ஒரு தடவையாவது போட்டுக் கேட்டியா?" என்றார் பெரியவர்.

"நீங்க வேலைக்குப் போனதும் கேப்பேன்."

"எத்தனை தடவை?"

"கணக்கு வைக்கலை. ஊசி நாலு தடவை மாத்தினேன்."

"எப்படி இருந்துச்சு?"

அம்மா தைத்துக்கொண்டிருந்த தலையணை உறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மூணாவது பாட்டுல நடுவுல ஒரு இடத்துல மூச்சு வாங்கறீங்க" என்றார். "மத்தபடி குத்தம் சொல்ல ஒண்ணும் இல்லை."

"அது வேணும்னே விட்ட மூச்சு!" என்று பெரியவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அந்த இடத்துல அப்படித்தான் விடணும்!"

"எனக்கு எப்படித் தெரியும்? யார்கிட்டப் போய்க் கேக்க முடியும் நான்?"

மணி ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. தட்டு சார் ஒரு மூலையில் நின்று கம்பெனிக்குப் போன் போட்டிருந்தார். அந்த மனிதரை நான் மெச்சத்தான் வேண்டும். நாற்பத்திரண்டு பக்கத்தையும் தன் வாயாலேயே கிழித்துப் போட்டார். "எல்லாம் தப்பு. நான் எழுதினது எல்லாமே தப்பு. படத்தை மாத்துங்க, பேரை மாத்துங்க. ஆதாரம் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன், பாருங்க." கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு போனைக் கையால் மூடிக்கொண்டு எங்களைப் பார்த்தார். "காகிதம் போதாதாம். என்னை இனிமே நம்ப மாட்டாங்களாம், அது நியாயம்தான். வாசிச்சது இவர்தான்னு அந்தக் காலத்திலேர்ந்து தெரிஞ்சவங்க யாராவது பொறுப்பா சொல்லணுமாம். மத்த மூணு பேரும் இப்ப உயிரோட இல்லைன்னு இவர் சொல்றார். யார் இருக்கா?"

மேடம் அம்மாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அம்மா போனை வாங்கிக்கொண்டார். கணவரின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். எதிர்முனை ஆளைத் திருப்பிச் சொல்ல வைத்து, அவன் சொன்னதில் தப்பைப் பிடித்து, இன்னொரு தடவை சொல்ல வைத்தார். அடுத்து அந்த ஆள் ஏதோ கேட்டிருக்க வேண்டும். அம்மா நிமிர்ந்து, எதிரே படத்தோடு நின்றவரைப் பார்த்தார்.

"நான் அவர் சம்சாரம்தான் பேசறேன்" என்றார். "எழுதிக்கங்க. இந்த மனுஷன் ஜென்மத்துல ஒரு பொய் சொன்னதில்லை."